மாநிறப் பூச்சி

“மாப்பிள்ளை எப்ப வருவாரு தம்பி?” என்று கேட்டார் பெண்ணின் சித்தப்பா.

கேட்டது மாப்பிள்ளையிடம்தான்.

இளஞ்செழியன் காபித் தட்டோடு நின்றான். மயிலாடுதுறையிலிருந்து வீடு பார்க்க வந்திருந்தவர்கள் கையிலிருந்த போட்டோவை ஒரு தடவையும் வாசலை ஒரு தடவையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டோவில் கோட்டு சூட்டு போட்ட ரோஜா நிற வாலிபன் ஒருவன் பனிமலைக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

“நான்தாங்க மாப்பிள்ளை” என்றான் இளஞ்செழியன்.

சித்தப்பா காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

“அப்ப இது உங்க அண்ணனா?” என்று கேட்டார் பக்கத்திலிருந்த அத்தை. அந்த அம்மாளுக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை.

கேசரி ஆறுவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

பழி முழுக்க ஸ்டுடியோக்காரன் மேல் விழுந்தது. மாநிறமான ஒரு விவசாயியைக் கொண்டுபோய் நிறுத்தினால், அவன் கம்ப்யூட்டரில் வெள்ளையடித்து, மீசையைச் செதுக்கி, கோட்டு மாட்டி, பின்னால் மலையையும் நட்டுவைத்திருந்தான். கேட்காமலே செய்து கொடுத்ததாகப் பெருமை வேறு.

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம், தப்பில்ல. நானே பண்ணியிருக்கேன்” என்றார் கல்யாணத் தரகர் பஞ்சநதம், யாரும் தொடாத கேசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. “ஆனா ஆளு நேர்ல வந்து நின்னதும் தெரிஞ்சுபோற பொய்யச் சொல்லக் கூடாதும்மா.”

இளஞ்செழியனின் அம்மா பிரகதாம்பாளுக்குக் கோபம் ஸ்டுடியோவிலிருந்து மகன் மேல் திரும்பியது. திரும்பாமல் எங்கே போகும்?

“இன்ஜினீயருக்குப் படிச்சிட்டு, மெட்ராஸ்ல நல்ல வேலையில இருந்துட்டு, வயல்தான் வேணும்னு ஓடியாந்தான். விவசாயம் பண்றான்னு சொன்னாலே பொண்ணு வீட்ல போனை வச்சிர்றாங்க. முப்பத்தி நாலு வயசாவுது! இந்தா பாருடா, ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு இடம் தகையணும். இல்லேன்னா நெலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு மாமாகூட சிங்கப்பூருக்குக் கெளம்பு. சிங்கப்பூர் மாப்பிள்ளைன்னா கோட்டு போட்டாலும் குடுப்பான், கோமணம் கட்டினாலும் குடுப்பான்.”

அம்மா சொன்னால் செய்துவிடுவாள். சிங்கப்பூரிலிருந்த மாமா வசந்தகுமார் ஏற்கெனவே ஒரு கிடங்கில் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். மன்னார்குடிக்கு வடக்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் இருந்த அந்த எட்டு ஏக்கரை விட்டுப் போவதை நினைத்தாலே இளஞ்செழியனுக்குச் சோறு இறங்காது. மழை வந்தால் முதலில் வயலைப் பார்க்கப் போகிறவன் அவன், குடையை அப்புறம்தான் தேடுவான். இப்படிப்பட்டவனைக் கிடங்கில் கொண்டுபோய்ப் பெட்டி எண்ண வைத்தால் என்ன ஆவான்?

“போட்டோ நல்லா இருந்தா போதும்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார் பஞ்சநதம். “இப்பல்லாம் பொண்ணுங்க இயற்கையா கேக்குதுங்க. ஆளு இருக்கற மாதிரியே, இருக்கற எடத்துல, வயல்ல நிக்கற மாதிரி ஒரு போட்டோ. மேல் பூச்சு கூடாது.”

செல்போனில் எடுத்துப் பார்த்தார்கள். போனுக்கும் ஸ்டுடியோக்காரன் புத்திதான் போலிருக்கிறது. கன்னத்தை வழித்து, கண்ணைப் பெரிதாக்கி, மாப்பிள்ளையை உரித்த முட்டை போல ஆக்கிவிட்டது. மன்னார்குடியில் இருந்த போட்டோகிராபர்களோ முகூர்த்த நாள் முடிகிற வரையில் மூச்சுவிட நேரமில்லை என்று கைவிரித்தார்கள்.

“சொந்தமாவே ஒரு கேமரா வாங்கிப்புடு” என்றாள் பிரகதாம்பாள். “கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்துன்னு வரிசையா வரும்ல? வாடகை டிராக்டருக்கு வாசல்ல காத்துக் கெடக்கற மாதிரி ஒவ்வொண்ணுக்கும் காத்துக் கெடக்கணுமா?”

பெண்ணே கிடைக்கவில்லை, அதற்குள் காதுகுத்துக்குக் கேமரா தயாராகிவிட்டது.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ரெத்தினம் என்பவரின் கேமரா கடையில் இளஞ்செழியன் போய் நின்றான். கல்லாவில் ரெத்தினம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராக்களுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் நின்றாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் குந்தவை என்று போட்டிருந்தது. சிரித்துப் பேசி வியாபாரம் பண்ணுகிற முகமாக அது தெரியவில்லை.

“எதுக்கு சார் கேமரா?”

எனக்குப் பெண் கிடைக்கவில்லை, அதற்குத்தான் என்று முன்பின் தெரியாத பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

“விவசாயத்துக்குங்க” என்றான்.

“விவசாயத்துக்கா?”

“பூச்சி விழும்ல பயிர்ல. அதைப் படம் எடுத்துட்டுப் போயி, ஆபீசர்கிட்ட காட்டி மருந்து கேக்கணும்.”

குந்தவை இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தாள். முதல் முதலாக டிஎஸ்எல்ஆர் வாங்குகிறவர்களுக்கு, கொடுக்கிற காசுக்கு, இந்த இரண்டுதான் என்றாள். பெயரும் எண்களும் உரமூட்டையில் அச்சடித்த கலவை எண் போல இருந்ததால் இளஞ்செழியனுக்கு மனதில் நிற்கவில்லை. ஒன்றில் சிவப்புக் கோடு இருந்தது, இன்னொன்றில் மஞ்சள் கோடு. அதைப் பிடித்துக்கொண்டான்.

“ரெண்டுல எதுங்க நல்லது?”

“உங்க தேவையைப் பொறுத்தது சார்.”

மனிதனை நடுத்தெருவில் விடுகிற பதில் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

“இல்லைங்க, பூச்சி கொஞ்சம் பெருசா இருந்துச்சின்னா?”

“எவ்வளவு பெருசு?”

“ஒரு ஆள் உசரம்னு வச்சுக்கங்களேன்.”

குந்தவை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவனைப் பார்த்தாள். “நிறம்?”

“மாநிறம்.”

“பூச்சி சட்டை போட்டிருக்குமா சார்?”

இளஞ்செழியனுக்குக் காது சூடாகிவிட்டது. “சில சமயம்” என்றான்.

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவனையே சுவர் ஓரமாக நிறுத்தி, சிவப்பில் ஒன்றும் மஞ்சளில் ஒன்றுமாகப் படம் எடுத்தாள். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினாள். இளஞ்செழியனுக்கு இரண்டிலும் அதே ஆள்தான் அதே முழியோடு நின்றான்.

“வித்தியாசம் தெரியுதா?”

தெரியவில்லை என்றால் படித்தவனுக்கு மரியாதையா? “நல்லாவே தெரியுதுங்க.”

“சிவப்புல முகம் தெளிவா விழும். மஞ்சள்ல பச்சை நல்லா விழும், வயலெல்லாம் பளிச்சுனு வரும். நீங்க முடிவு பண்ணிக்குங்க. உங்களுக்குப் பூச்சி முக்கியமா, பயிர் முக்கியமா?”

வாழ்நாள் முழுக்கப் பயிர்தான் முக்கியம் என்று இருந்தவன், அன்றைக்கு முதல் தடவையாகப் பூச்சியின் பக்கம் சாய்ந்தான். “சிவப்பே குடுத்துருங்க.”

பில் போடுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று போன் பண்ணினான். அங்கேதான் கெட்டது. பிரகதாம்பாள் போனில் பேசும்போது போனே தேவையில்லை, மன்னார்குடியிலிருந்து அப்படியே கேட்கும்.

“செவப்பா? ஏண்டா, ஏழாம் எடத்துல செவ்வா உக்காந்துகிட்டுதானே ஒனக்கு வர்ற பொண்ணையெல்லாம் வெரட்டிக்கிட்டு இருக்கு! அதுக்கு செவப்புக் கோடு வேற போட்டு வாங்கியாரியா? இன்னிக்கு செவ்வாக்கெழமை வேற! குரு பாக்கணும்டா, குரு பாத்தாத்தான் ஒனக்குக் கல்யாணம். மஞ்சளை வாங்கு. வெசாலக்கெழமை குரு ஹோரையில போயி வாங்கு!”

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரெத்தினம் கணக்கை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இளஞ்செழியன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டு அமுக்கினான். அது உள்ளேயிருந்தும் பேசியது.

“பூச்சிக்கு ஜாதகமெல்லாம் பாப்பீங்களா சார்?” என்றாள் குந்தவை, சிவப்பை எடுத்து உள்ளே வைத்தபடி.

வியாழக்கிழமை போனான். மதியம் ஒரு மணிக்குக் குரு ஹோரை தொடங்கும். ஒன்றரைக்கு ராகு காலம் வந்துவிடும். நடுவில் உள்ள அரை மணி நேரத்துக்குள் வாங்கிவிட வேண்டும் என்பது உத்தரவு. இளஞ்செழியன் பணத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஒன்றடித்ததும் உள்ளே நுழைந்தான்.

“மஞ்சளைக் குடுங்க. பேச்சே வேணாம்.”

“சந்தோஷம் சார்” என்று குந்தவை பில் புத்தகத்தைத் திறந்தாள். பேனாவை எடுத்தாள். “ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். படம் எடுக்கறது காலையிலயா, உச்சி வெயில்லயா?”

“வயல்ல ஆளு உச்சி வெயில்லதாங்க நிக்கும். அதாவது, பூச்சி.”

“அடடா.”

“என்னங்க அடடா?”

“மஞ்சள்ல உச்சி வெயில்ல முகம் கறுத்துடும் சார். மாநிறப் பூச்சி கரும்பூச்சியாப் போயிடும். அப்புறம் ஆபீசர் வேற மருந்து எழுதிக் குடுத்துட்டா?”

இளஞ்செழியனுக்குத் திக்கென்றது. ஏற்கெனவே ரோஜா நிறத்தில் ஒரு சம்பந்தம் போய்விட்டது, கறுப்பில் ஒன்று போக வேண்டுமா? “நெஜமாவா?”

“வாங்க, வெளியில நிறுத்திக் காட்டறேன்.”

தெருவில் வெயிலில் நிறுத்தி, இப்படித் திரும்புங்க, அப்படித் திரும்புங்க, முழியை உருட்டாதீங்க என்று இரண்டு கேமராவிலும் மாற்றி மாற்றி எடுத்தாள். இதற்கு நடுவில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் கடைக்குள் வந்தார். “அந்த மஞ்சக்கோடு ஒண்ணு குடும்மா” என்றார். குந்தவை உள்ளே போய் எடுத்துக் கொடுத்தாள், பில் போட்டாள், அவர் போய்விட்டார். உச்சி வெயிலைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவருக்குச் சாயங்கால வேலையாக இருக்கும் என்று இளஞ்செழியன் நினைத்துக்கொண்டான். ஒரு மனிதனுக்கு இப்படியும் தெளிவு இருக்குமா என்று பொறாமையாகவும் இருந்தது.

படங்களைப் பார்த்து, இல்லாத வித்தியாசத்தை உற்று உற்றுத் தேடி முடித்தபோது ராகு காலம் பிறந்துவிட்டது.

“யோசிச்சிட்டு வர்றேங்க” என்றான்.

“நல்லா யோசிங்க சார். அவசரமே இல்ல.”

அவன் படியிறங்கும்போது ரெத்தினத்தின் குரல் கேட்டது. “ஏம்மா, பணத்தைக் கையில வச்சிக்கிட்டு நிக்கிற ஆளை இப்படியா அனுப்பறது?”

“பொய் சொல்லி விக்க எனக்கு வராது சார்.”

இப்படியும் ஒரு நேர்மையான பெண்ணா என்று இளஞ்செழியன் வழியெல்லாம் வியந்துகொண்டே போனான்.

வாய்க்காலில் மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டது. குறுவைக்கு நாற்றங்கால் பச்சை கட்டிவிட்டது. ஆடிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான். மாமா டிக்கெட் போட்டுவிட்டதாகவும், வரும்போதே வேலைக்கான காகிதங்களைக் கொண்டுவருவதாகவும் சொல்லிவிட்டார். குத்தகைக்கு ஆளும் வந்து வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் வரப்பில் நின்று எச்சில் துப்பியதைப் பார்த்தபோது இளஞ்செழியனுக்குத் தன் மேலேயே துப்பியது போல இருந்தது.

அன்றைக்குத்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. புது விதை ஒன்று வந்தால் ஊரே விழுந்தடித்து வாங்கினாலும் அவன் வாங்க மாட்டான். ஒரே வயலில் புதுசையும் பழசையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, அறுத்துப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு சொல்வான். அவன் தீர்ப்புக்காக ஊர் காத்திருக்கும். கேமராவுக்கும் அதுதானே வழி?

“ரெண்டையும் ஒரு நாள் எடுத்துட்டுப் போயி வயல்ல வச்சிப் பாத்துட்டுத் தந்துடறேங்க” என்று ரெத்தினத்திடம் கேட்டான்.

“இது என்ன வெத நெல்லா சார்?”

“ஆளுங்களுக்குக் காட்டறதுக்குன்னு பிரிச்சி வச்ச பீஸ் ரெண்டு இருக்குல்ல சார். குடுத்து விடுவோம், நாளைக்குத் திருப்பிக் கொண்டாந்துடுவாரு” என்றாள் குந்தவை.

ரெத்தினம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். கடைசியில், பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிளைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவதென்று பேசி முடிந்தது. இளஞ்செழியன் மன்னார்குடி பஸ்ஸில் இரண்டு கேமராக்களையும் மடியில் போட்டுக்கொண்டு, இரட்டைப் பிள்ளை பெற்றவள் போல ஊர் வந்து சேர்ந்தான்.

கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் பிரகதாம்பாள் பூசையை முடித்துவிட்டாள். வீட்டுக்குள் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் பூசை போடாமல் அவளுக்குப் பொறுக்காது. டிராக்டருக்கும் போட்டிருக்கிறாள், மிக்சிக்கும் போட்டிருக்கிறாள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், சூடம் எல்லாம் முறைப்படி ஆகியிருந்தது. இரண்டு கேமராக்களும் சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தன. லென்சுக்கு நட்டநடுவே குழைத்த சந்தனம். அதற்கு நடுவில் குங்குமம்.

“அம்மா! அங்க ஏம்மா வச்சே?”

“பின்ன, நெத்தியில வைக்காம முதுகுலயா வைப்பாங்க?”

“அது நெத்தியில்ல, கண்ணு” என்றார் அப்பா மூலையிலிருந்து. கல்யாணமான நாளிலிருந்து பேசுவதற்குச் சந்தர்ப்பமே வாய்க்காத மனிதர் அவர். வாய்த்த ஒரு சந்தர்ப்பத்திலும் சரியாகத்தான் பேசினார். யாரும் காதில் வாங்கவில்லை.

இளஞ்செழியன் வேட்டித் தலைப்பால் துடைத்தான். சந்தனம் போகவில்லை, பரவியது. தண்ணீர் தொட்டுத் துடைத்தான். இன்னும் அழகாகப் பரவியது.

படம் எடுக்கிற பொறுப்பைப் பஞ்சநதம் ஏற்றுக்கொண்டார். மாப்பிள்ளையை உழுது விட்ட சேற்று வயலுக்கு நடுவே நிறுத்திவிட்டு, தான் வரப்பில் நின்று ஒரு கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் கையில் பிடித்தார்.

“தம்பி, மொகத்துல ஒரு சந்தோஷம் வேணும்!”

“எனக்கு எப்படிங்க வரும்?”

“பொண்ணு கெடைச்சிட்டதா நெனச்சுக்கங்க! அப்படித்தான். இருங்க, நான் ஒரு எட்டு பின்னால போறேன்.”

வரப்பு ஓர் எட்டு அகலம்தான் இருக்கும். பஞ்சநதம் பின்னால் போன எட்டு வாய்க்காலுக்குப் போய்விட்டது. அவர் சரிந்ததில் கையிலிருந்த கேமரா மேலே பறந்தது. இளஞ்செழியன் சேற்றில் நாலு தாவு தாவி, ஆகாயத்தில் அதைப் பிடித்து, மல்லாக்க விழுந்தான். தலை, காது, முதுகு எல்லாம் சேறு. கேமராவைப் பிடித்த கை மட்டும் கொடிமரம் போல மேலே நின்றது. கழுத்தில் மாட்டியிருந்த கேமராவைத் தரகரும் எப்படியோ நனையாமல் காப்பாற்றிவிட்டார். ஆள் மட்டும் இடுப்பளவுக்கு வாய்க்காலில் நின்றார்.

ராத்திரி படங்களைப் பார்த்தார்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டிலும் ஒரே சந்தனப் புகை. அந்தப் புகைக்கு நடுவே இளஞ்செழியன் தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மோனத்தில் நின்றான்.

“தெய்வீகமா இருக்கு” என்றாள் பிரகதாம்பாள்.

“இதை அனுப்பினா பொண்ணு வராதும்மா” என்றார் பஞ்சநதம். “காணிக்கைதான் வரும்.”

மறுநாள் கேமராக்களைத் திருப்பிக் கொண்டுபோகும்போது இளஞ்செழியனுக்கு மனசு விட்டுப்போயிருந்தது. மாமா அன்றைக்குக் காலையிலேயே திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கிவிட்டார். இனிமேல் போட்டோ எடுத்து, தரகர் கொண்டுபோய்க் காட்டி, அவர்கள் பார்த்து, எதற்கும் நாள் இல்லை.

லென்சைப் பார்த்த ரெத்தினம் கடையே அதிரக் கத்தினார். “சந்தனம்! சார், இது கேமரா சார், சாமி செலை இல்ல!”

“தப்புதாங்க. ரெண்டுல எதையாவது ஒண்ணை நானே எடுத்துக்கறேன். பணத்தை வாங்கிக்கங்க” என்றான் இளஞ்செழியன்.

“எது சார் வேணும்?” என்றாள் குந்தவை.

“எதா இருந்தா என்னங்க. எனக்கு இனிமே கேமரா தேவையில்ல.” சொன்ன பிறகு மறைக்க ஒன்றுமில்லை என்று பட்டது. “பூச்சி கீச்சியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. பொண்ணு வீட்டுக்கு அனுப்ப எனக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்துச்சு. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. விவசாயம் பண்றவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்க. வயலைக் குத்தகைக்கு விட்டுட்டு சிங்கப்பூர் போறேன். நட வேண்டிய நாத்து நிக்குது, அதைக்கூட வேற யாரோதான் நடப் போறாங்க.”

குந்தவை ஏதோ ஒரு திரவத்தை மெல்லிய துணியில் தொட்டு லென்சை வட்டம் வட்டமாகத் துடைத்தாள். சந்தனம் வந்த வழியே போய்விட்டது. அவன் சேறு ஒட்டிய காதோடு, கேமராவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லையே என்று கவலையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரியா இருக்கான்னு பாக்கணும், அசையாதீங்க” என்று அப்படியே ஒரு படம் எடுத்தாள். எடுத்ததை அவனுக்குக் காட்டவில்லை. “தொடச்சா போயிடுச்சு சார். நீங்க ஒண்ணும் வாங்க வேணாம். வண்டியை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க.”

ரெத்தினம் நெற்றியில் அடித்துக்கொண்டார். “இப்படியே போனா, கடையைக் கோயிலுக்கு எழுதி வச்சிட்டு நாமளும் பின்னாலயே போக வேண்டியதுதான்.”

வழியெல்லாம் வாய்க்கால்களில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. ஆட்கள் வரிசை கட்டி நட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லா வருஷமும் பார்க்கிறதுதான். அன்றைக்கு அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில், இளஞ்செழியன் நாற்றங்காலில் முழங்காலளவு தண்ணீரில் நின்று நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தான். போகிறவன் எதற்குப் பறிக்க வேண்டும் என்று மாமா கேட்டபோதும் அவன் கை நிற்கவில்லை. மாமா வரப்பில் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு காகிதங்களோடு நின்றார். குத்தகைக்காரரைக் கூட்டிக்கொண்டு பிரகதாம்பாளும் வந்துவிட்டாள். அந்த நேரத்தில் பஞ்சநதம் தன் மொபெட்டைப் பாதையிலேயே போட்டுவிட்டு வரப்பில் ஓடி வந்தார். வாய்க்கால் பக்கம் வந்ததும் மட்டும் நிதானமாக நடந்தார்.

“இந்தப் போட்டோவைப் பாருங்கம்மா” என்று போனை நீட்டினார்.

பிரகதாம்பாள் பார்த்தாள். படத்தில் வெயிலில் காய்ந்த முகத்தோடு, காதோரத்தில் காய்ந்த சேற்றோடு, எதையோ பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான் அவள் மகன். மாநிறம் மாநிறமாகவே இருந்தது. மலை இல்லை, கோட்டு இல்லை, ஒளிவட்டம் இல்லை. நட்ட பயிரைப் பார்க்கும்போது அவனுக்கு வருமே, அந்தப் பார்வை அப்படியே விழுந்திருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதுதான் எம்புள்ள” என்றாள். அவள் குரல் இத்தனை தணிந்து யாரும் கேட்டதில்லை. மறுகணம் பழைய குரல் திரும்பிவிட்டது. “இம்மாந்நாளா இதை எங்கய்யா வச்சிருந்தீங்க? மயிலாடுதுறைக்கு அனுப்புங்க! ஒரத்தநாட்டுக்கு அனுப்புங்க! பொண்ணு இருக்கற வீட்டுக்கெல்லாம் அனுப்புங்க!”

“எங்கயும் அனுப்ப வேணாம்மா. இது பொண்ணு வீட்லேருந்து எனக்கு வந்தது.”

“என்னது?”

“ஒரத்தநாடு பக்கம், நம்மள மாதிரி பண்ணையம் பண்ற குடும்பம். பொண்ணு தஞ்சாவூர்ல கேமரா கடையில வேலை பாக்குது. இந்தப் படத்தை அப்பாகிட்ட குடுத்து, இந்த ஆளுக்குத்தான் கழுத்தை நீட்டுவேன்னு சொல்லிடுச்சாம். அவரு கடையில எழுதிக் குடுத்த விலாசத்தை வச்சி விசாரிச்சு, எங்கிட்ட வந்து ஜாதகம் கேக்கறாரு. ஒரே ஒரு கண்டிஷன். மாப்பிள்ளை வயலை விட்டுட்டு எங்கயும் போகக் கூடாதாம்.”

மாமா காகிதங்களை மெதுவாக மடித்தார். குத்தகைக்காரர் இன்னொரு தடவை துப்பப் போனவர் விழுங்கிக்கொண்டார்.

இளஞ்செழியன் பறித்துக் கட்டிய நாற்று முடியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றான். கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

“ரெண்டுல எந்தக் கேமரா நல்லதுன்னு சொன்னாங்களா?”

“ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கெடையாதாம் தம்பி” என்றார் பஞ்சநதம். “அதை மொத நாளே சொல்லியிருந்தா நீங்க ஒண்ணை வாங்கிட்டுப் போயிருப்பீங்களாம், அப்புறம் கடைப்பக்கமே வந்திருக்க மாட்டீங்களாம்.”